பேராசிரியருக்குப் பெயரே தெரியாத மாணவிக்கு யார் கடிதம் தருவார்?

வாசகர் கேள்வி:

"என் கணவர் வேலைக்காக அமெரிக்காவில் இருந்தபோது பிறந்தவள் என் மகள், அந்த நாட்டுக் குடியுரிமை உண்டு. சின்ன வயதிலேயே சேலம் வந்துவிட்டோம். ஏற்காட்டில் விடுதியில் தங்கிப் பிளஸ் டூ வரை படித்தாள். இப்போது அமெரிக்காவில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் உயிரியல் பட்டப்படிப்பில் இரண்டு ஆண்டுகளை முடித்துவிட்டு விடுமுறைக்கு வந்திருக்கிறாள். ஆகஸ்டில் திரும்புகிறாள். அடுத்த கோடையில் அங்குள்ள மருத்துவக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்க வேண்டும். பேராசிரியர்களிடம் மூன்று பரிந்துரைக் கடிதமாவது வாங்க வேண்டுமாம். மதிப்பெண் நன்றாகவே வாங்குகிறாள். ஆனால் வகுப்பில் 250 பேர். ஒரு பேராசிரியருக்கும் இவள் பெயர் தெரியாது. கூச்ச சுபாவம் வேறு. சேலத்தில் பெரிய அறுவை சிகிச்சை நிபுணராக இருக்கும் என் அண்ணன் 'நான் எழுதித் தருகிறேன்' என்கிறார். ஏற்காட்டுப் பள்ளித் தலைமையாசிரியரும் தரத் தயார். என் கணவர், துறைத் தலைவரிடமே கேட்கச் சொல்கிறார். அவருக்கு நேரமில்லை என்றால் இவளே எழுதிக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளலாமே என்கிறார். நானே அந்தப் பேராசிரியர்களுக்கு மெயில் போட்டுக் கேட்கலாமா? செவ்வாய்ப்பேட்டையில் செய்த வெள்ளி விளக்கு ஒன்று கொடுத்தனுப்பலாம் என்றும் இருக்கிறேன். வழி சொல்லுங்கள்."

— பெயர் வெளியிட விரும்பாத தாய், அஸ்தம்பட்டி, சேலம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

முதலில் ஆறுதலான செய்தி. இந்தக் கேள்வியை நீங்கள் கேட்டிருப்பது சரியான நேரத்தில். இதே கடிதம் அடுத்த ஏப்ரலில் வந்திருந்தால் என் பதில் வேறு மாதிரி இருந்திருக்கும். உங்கள் மகளுக்கு முன்னால் ஒரு முழுக் கல்வியாண்டு இருக்கிறது. அந்த ஓராண்டில் இரண்டு மூன்று பேராசிரியர்கள் அவளை நன்றாகத் தெரிந்துகொள்ள முடியும். வேலையை அவள்தான் செய்ய வேண்டும். நீங்களோ உங்கள் அண்ணனோ உங்கள் கணவரோ அதைச் செய்து தர முடியாது.

அமெரிக்காவில் வேதியியல் பேராசிரியராக இருந்தேன். இப்போது ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் குடியிருக்கிறேன். பணியில் இருந்த காலத்தில் மருத்துவம் படிக்கப் போன பிள்ளைகளுக்கு நிறையக் கடிதங்கள் எழுதியிருக்கிறேன்; மற்றவர்கள் எழுதிய கடிதங்களைச் சேர்த்துப் படிக்கும் குழுவிலும் இருந்திருக்கிறேன். அந்த அனுபவத்தில்தான் சொல்கிறேன்.

நம் ஊரில் இந்தக் கடிதத்துக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்று கேட்பார்கள். கேட்பதில் நியாயம் இருக்கிறது. 2017-லிருந்து தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். சேர்க்கை நீட் மதிப்பெண்ணில் நடக்கிறது. அதற்கு முன்னால் பிளஸ் டூ மதிப்பெண். இரண்டிலுமே 'இந்தப் பிள்ளை எப்படிப்பட்டவள்' என்று யாரும் ஆசிரியரைக் கேட்டதில்லை. தரவரிசையில் எண் வந்தால் சேலம் மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரியோ சென்னையோ, இடம் கிடைத்துவிடும். அமெரிக்காவில் அப்படி இல்லை. கல்லூரி மதிப்பெண்ணும் எம்கேட் என்ற மருத்துவ நுழைவுத் தேர்வும் உள்ளே நுழையக் கதவைத் திறக்கும், அவ்வளவுதான். அப்புறம் தன்னைப் பற்றி அவள் எழுதும் கட்டுரை, மருத்துவமனை அனுபவம், பேராசிரியர்களின் கடிதம், நேர்முகத் தேர்வு என்று எல்லாவற்றையும் வைத்துத்தான் முடிவெடுக்கிறார்கள். நல்ல மதிப்பெண் உள்ளவர்களே ஆயிரக்கணக்கில் விண்ணப்பிக்கிறார்கள். அவர்களில் யாரை நோயாளிக்குப் பக்கத்தில் நிறுத்தலாம் என்பதை மதிப்பெண்ணை வைத்துச் சொல்ல முடியாது. அதைக் கூடவே இருந்து பார்த்த ஒருவரிடம் கேட்கிறார்கள்.

உங்கள் வீட்டில் எல்லாரும் இதை நம் ஊர்ச் சான்றிதழ் போல நினைத்துவிட்டீர்கள் என்று தோன்றுகிறது. டி.சி.யில் 'நடத்தை: நன்று' என்று ஒரு வரி இருக்கும். எல்லாப் பிள்ளைக்கும் அதே வரிதான். அதேபோல முன்பெல்லாம் எந்த விண்ணப்பமானாலும் கெசட்டட் ஆபீசரைத் தேடிப் போய்க் கையெழுத்து வாங்குவோம். அவருக்கு நம்மைத் தெரியுமா என்பது பொருட்டில்லை. பச்சை மையும் முத்திரையும் இருந்தால் போதும். பதவி பெரிதாக இருந்தால் கையெழுத்துக்கும் மதிப்புக் கூடும் என்று பழகிவிட்டோம். அதனால்தான் உங்கள் கணவருக்குத் துறைத் தலைவர் நினைவுக்கு வருகிறார், உங்களுக்கு அண்ணன் நினைவுக்கு வருகிறார். அங்கே படிப்பவர்கள் இந்தக் கணக்கில் படிப்பதில்லை.

மாப்பிள்ளை விசாரிக்கப் போகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர், 'நல்ல குடும்பம், நல்ல பையன், தாராளமாகக் கொடுக்கலாம்' என்கிறார். எதிர்வீட்டு அம்மா, 'போன வருஷம் எங்க வீட்டுக்காரர் ராத்திரி மயங்கி விழுந்தப்போ இந்தப் பையன்தான் வண்டி எடுத்தான், விடியும்வரைக்கும் ஆஸ்பத்திரியிலயே உட்கார்ந்திருந்தான்' என்கிறார். வீட்டுக்கு வந்து எதைப் பேசுவோம்? இரண்டாவதைத்தான். கடிதத்தைப் படிக்கும் சேர்க்கைக் குழுவும் இப்படித்தான். துறைத் தலைவருக்கு உங்கள் மகளைத் தெரியாது. அவர் எழுதினால் என்ன எழுதுவார்? 'இந்த மாணவி எங்கள் துறையில் படிக்கிறாள். ஏ கிரேடு வாங்கினாள். ஒழுக்கமானவள். சிறந்த மருத்துவராக வருவாள்.' இதில் கிரேடு ஏற்கெனவே மதிப்பெண் பட்டியலில் இருக்கிறது. மீதி வரிகளை யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். இப்படிப்பட்ட கடிதத்தைப் படிப்பவர், 'இந்தப் பெண்ணை யாருக்குமே தெரியாது போலிருக்கிறது' என்றுதான் நினைத்துக்கொள்வார்.

நல்ல கடிதத்தில் என்ன இருக்கும் என்று காட்ட, நான் எழுதிய ஒன்றிலிருந்து சொல்கிறேன். கரிம வேதியியல் ஆய்வகத்தில் ஒரு மாணவன். பென்சாயிக் அமிலத்தைத் தூய்மைப்படுத்தி உருகுநிலை பார்க்க வேண்டும். தூய்மையாக இருந்தால் 122 டிகிரியை ஒட்டி உருகும். அவனுக்கு 114-இல் உருகத் தொடங்கி 119-இல் முடிந்தது. பக்கத்தில் இருந்தவன், '121 என்று எழுதிவிடு, யார் பார்க்கப் போகிறார்கள்' என்றான். இவன் 114–119 என்றே நோட்டில் எழுதினான். மறுநாள் என் அறைக்கு வந்து, 'உருகுநிலை குறைந்து, பரவியும் போயிருக்கிறது. அழுக்கா, ஈரமா?' என்று கேட்டான். காயவைத்து மறுபடி பார் என்றேன். ஆய்வக நேரம் முடிந்த பிறகும் இருந்து காயவைத்து, மறுபடி பார்த்து, இரண்டு அளவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, காரணமும் எழுதியிருந்தான். கடிதத்தில் இதை ஒரு பத்தியாக அப்படியே எழுதினேன். 'நேர்மையானவன்' என்ற சொல்லை நான் போடவே இல்லை. நோயாளியின் ரத்த அழுத்தம் எதிர்பார்த்தபடி இல்லாவிட்டாலும் உள்ளதையே எழுதுவான் என்பது படிப்பவருக்குத் தானாகவே புரியும்.

அவன் வகுப்பில் முதல் மாணவன் இல்லை. என் அறைக்கு வந்தான், அதனால் எனக்குத் தெரிந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கம் கடிதம் எழுதுவோருக்கென்றே வழிகாட்டுக் குறிப்பு வைத்திருக்கிறது. பாடத்தையும் ஆய்வகத்தையும் விவரித்துக்கொண்டிருக்க வேண்டாம், மாணவரைப் பற்றி எழுதுங்கள். எத்தனை நாளாக, எந்த வகையில் தெரியும் என்று சொல்லுங்கள். நேரில் பார்த்த நடத்தையை எழுதுங்கள். மற்ற மாணவரோடு ஒப்பிட்டால் யாரோடு ஒப்பிடுகிறீர்கள் என்று சொல்லுங்கள். இதுதான் அதன் சாரம். பார்த்ததை எழுது என்று சொல்லும்போது, பார்ப்பதற்கு ஏதாவது இருக்க வேண்டுமல்லவா? அதை உண்டாக்குவதுதான் இந்த ஓராண்டில் உங்கள் மகளின் வேலை. இனிமேல் எழுதுவதை அவளுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

அங்கே ஒவ்வொரு பேராசிரியரும் வாரத்தில் குறிப்பிட்ட சில மணி நேரம் அறைக் கதவைத் திறந்து வைத்து மாணவர்களுக்காகவே உட்கார்ந்திருப்பார். ஆபீஸ் ஹவர்ஸ் என்பார்கள். பாடத்திட்டத் தாளின் முதல் பக்கத்திலேயே நாளும் நேரமும் இருக்கும். 250 பேர் படிக்கும் வகுப்பிலும் அந்த நேரத்துக்கு வருகிறவர்கள் மிகக் குறைவு. தேர்வுக்கு முந்தின நாள் மட்டும் வரிசை நிற்கும். மற்ற நாட்களில் பல நேரம் நான் தனியாகத்தான் உட்கார்ந்திருந்திருக்கிறேன். நம் பிள்ளைகள் வருவதே இல்லை. காரணம் எனக்குத் தெரியும். ஏற்காட்டு விடுதிப் பள்ளியானாலும் சேலத்துப் பள்ளியானாலும், ஸ்டாஃப் ரூமுக்குக் கூப்பிட்டால் ஏதோ தப்புச் செய்துவிட்டோம் என்றுதான் பொருள். ஆசிரியரைத் தானாகப் போய்ப் பார்க்கிற பிள்ளையை மற்றவர்கள் 'காக்கா பிடிக்கிறான்' என்பார்கள். இந்தப் பயத்தையும் கூச்சத்தையும் பெட்டியில் வைத்துக்கொண்டு விமானம் ஏறுகிறார்கள். அங்கே வராத மாணவியைப் பணிவானவள் என்று யாரும் நினைப்பதில்லை. ஆர்வமில்லை என்று நினைப்பார்கள், அல்லது நினைக்கவே மாட்டார்கள்.

போய் என்ன பேசுவது என்று உங்கள் மகள் கேட்பாள். பாடத்தைத்தான் பேச வேண்டும். முதல் தேர்வுத் தாள் திரும்பி வந்ததும் தப்பாகிப்போன ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு போகட்டும். 'நான் இப்படி யோசித்தேன், எந்த இடத்தில் தவறினேன்?' என்று கேட்கட்டும். மதிப்பெண்ணுக்காகப் பேரம் பேசக் கூடாது. ஒரு மதிப்பெண்ணுக்கு வாதாடுகிற பிள்ளையும் நினைவில் நிற்கும், ஆனால் அது கடிதத்துக்கு உதவாது. அடுத்தது இன்னும் முக்கியம். பேராசிரியர் சொன்னதைச் செய்து பார்த்துவிட்டு, இரண்டு வாரம் கழித்து மறுபடி போக வேண்டும். 'நீங்கள் சொன்ன கட்டுரையைப் படித்தேன், இந்த இடம் மட்டும் புரியவில்லை' என்று சொல்ல வேண்டும். ஒருமுறை வந்துபோகும் பிள்ளைகள் உண்டு. சொன்னதைச் செய்துவிட்டுத் திரும்பி வருகிற பிள்ளை அபூர்வம். இரண்டாவது முறை வரும்போது பெயர் பதிந்துவிடும். மூன்றாவது முறை, 'உன் ஊர் எது, ஏன் மருத்துவம்?' என்று அவரே கேட்பார். அப்போது ஏற்காட்டைப் பற்றியும் சேலத்தைப் பற்றியும் சொல்லட்டும். கடிதப் பேச்சை மட்டும் அந்தக் கட்டத்தில் எடுக்கவே கூடாது.

கூச்சமுள்ள பிள்ளைக்கு முதல் மின்னஞ்சல்தான் மலையாகத் தெரியும். நாலு வரி போதும். எந்த வகுப்பு, எந்தப் பிரிவு, எந்தக் கேள்வி குறித்துப் பேச வேண்டும், ஆபீஸ் ஹவர்ஸில் எந்த நாள் வரலாம். தன்னைப் பற்றிய வரலாறோ 'தங்கள் மேலான நேரத்தில்' என்ற வகை வணக்கங்களோ தேவையில்லை.

வகுப்புத் தேர்விலும் கொஞ்சம் யோசனை வேண்டும். மூன்றாம் ஆண்டில் மேல்நிலைப் பாடங்கள் வரும். அந்த வகுப்புகளில் பெரும்பாலும் கூட்டம் குறைவாகவே இருக்கும். ஆய்வகப் பாடம், கருத்தரங்கு வகைப் பாடம் இவற்றில் ஆசிரியர் அவளைப் பக்கத்தில் இருந்து பார்ப்பார். முதல் செமஸ்டரில் நன்றாக ஒத்துப்போன பேராசிரியர் இரண்டாம் செமஸ்டரில் இன்னொரு பாடம் எடுத்தால் அதையும் எடுத்துக்கொள்வது நல்லது. 250 பேர் வகுப்பில் பாடம் நடத்துபவரைவிட, பயிற்சி வகுப்பு எடுக்கும் ஆராய்ச்சி மாணவருக்குத்தான் அவளைத் தெரிந்திருக்கலாம். ஆராய்ச்சி மாணவர் மட்டும் எழுதிய கடிதத்துக்கு எடை குறைவு. அவர் பார்த்ததை எழுதி, பேராசிரியரும் சேர்ந்து கையெழுத்திட்டால் ஏற்பார்கள். எல்லாவற்றையும்விட வலுவானது, ஒரு பேராசிரியரின் ஆராய்ச்சிக் கூடத்தில் சேர்ந்து வாரத்துக்குச் சில மணி நேரம் வேலை செய்வது. குப்பி கழுவுவதில்தான் தொடங்கும், பரவாயில்லை. நேரத்துக்கு வருகிறாளா, தப்பு நடந்தால் சொல்கிறாளா, கூட இருப்பவர்களோடு எப்படி நடந்துகொள்கிறாள் என்று ஒருவர் மாதக்கணக்கில் பார்க்க வேறு எங்கே வாய்ப்பு?

அறிவியல் அல்லாத பாடத்திலிருந்தும் ஒரு கடிதம் பல கல்லூரிகள் கேட்கின்றன. நம் பிள்ளைகள் வரலாறு, இலக்கியம், தத்துவம் எல்லாவற்றையும் சுலபமான ஏ என்று எடுத்துவிட்டுப் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். எனக்கு இதில் மிகுந்த வருத்தம் உண்டு. சிறிய வகுப்பு, நிறைய எழுத்து, நிறையப் பேச்சு என்பதால் மாணவியின் மனசை அதிகம் பார்ப்பவர் அந்தப் பேராசிரியர்தான். குழுவில் இருந்தபோது நான் படித்த மிகச் சிறந்த கடிதங்களில் சில வரலாற்று ஆசிரியர்கள் எழுதியவை.

எத்தனை கடிதம், யாரிடமிருந்து என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். இரண்டு அறிவியல் பேராசிரியர், ஒரு அறிவியல் அல்லாத பேராசிரியர் என்பது பரவலான வழக்கம். ஒவ்வொரு கல்லூரியும் என்ன கேட்கிறது என்பது அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கம் நடத்தும் எம்.எஸ்.ஏ.ஆர். தகவல் தளத்தில் இருக்கிறது. சந்தா கட்டிப் பார்க்க வேண்டும், கட்டலாம். பொது விண்ணப்பமான ஆம்காஸில் 10 கடிதங்கள் வரை சேர்க்க இடமுண்டு. இடமிருக்கிறதே என்று நிரப்ப வேண்டாம். நன்கு தெரிந்த நாலு பேர் எழுதினால் போதும்.

ஆகஸ்டில் போனதும் முதல் வாரத்திலேயே அவள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அவள் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் செல்லும் மாணவர்களுக்கான ஆலோசகர் இருப்பார். கல்லூரி சார்பில் குழுக் கடிதம் தரும் வழக்கம் உண்டா என்று அவரிடம் கேட்க வேண்டும். சில கல்லூரிகளில் ஒரு குழு மாணவரை நேரில் பார்த்துப் பேசி, தனித்தனிக் கடிதங்களையும் சேர்த்து, கல்லூரியின் பெயரில் ஒரே கடிதமாக அனுப்பும். அப்படி ஒன்று இருந்தும் மாணவி பயன்படுத்தாவிட்டால், ஏன் என்று விளக்கம் கேட்கும் மருத்துவக் கல்லூரிகளும் உண்டு. அதற்கான வேலை மூன்றாம் ஆண்டின் நடுவிலேயே தொடங்கிவிடும். தெரியாமல் விட்டால் தேதி போய்விடும்.

கடிதம் கேட்க நல்ல காலம் பிப்ரவரி, மார்ச். மே தொடக்கத்தில் தேர்வு முடிந்ததும் பேராசிரியர்கள் ஆளுக்கொரு பக்கம் போய்விடுவார்கள். குறைந்தது ஆறு வாரம் அவகாசம் கொடுக்க வேண்டும். நேரில் போய்க் கேட்பதுதான் முறை. கேட்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. 'கடிதம் தருவீர்களா?' என்று கேட்டால் தயவுக்காகச் சரி என்று சொல்லிவிடுவார்கள். 'மருத்துவக் கல்லூரிக்கு எனக்கு வலுவாக ஒரு கடிதம் எழுதும் அளவுக்கு என்னைத் தெரியும் என்று நினைக்கிறீர்களா?' என்று கேட்கட்டும். இது அவருக்கு மறுக்க வழி கொடுக்கிறது. அவர் முகத்தில் தயக்கம் தெரிந்தால், அல்லது 'வேறு யாராவது பொருத்தமானவராக இருப்பார் என்று நினைக்கிறேன்' என்று அவர் சொன்னால், நன்றி சொல்லிவிட்டு வந்துவிட வேண்டும். 'சார், எப்படியாவது' என்று நம் ஊர் வழக்கப்படி கெஞ்சக் கூடாது. அரைமனதுக் கடிதம் விண்ணப்பத்தைக் கெடுத்துவிடும். அதைவிட அவர் மறுத்துவிடுவது நல்லது.

சரி என்றவரிடம் ஒரு கோப்பு கொடுக்க வேண்டும். தன் விவரப் பட்டியல், மதிப்பெண் பட்டியல், 'ஏன் மருத்துவம்' என்ற கட்டுரையின் வரைவு, கடைசி நாள். இவற்றோடு, அவர் வகுப்பில் அவள் எழுதிய ஆய்வகக் குறிப்போ கட்டுரையோ, அவருடைய கைத்திருத்தங்களோடு இருந்தால் மிகவும் நல்லது. 'செப்டம்பரில் என்சைம் கேள்வியைப் பற்றி உங்களிடம் பேசினேன், அதற்கு அப்புறம் இதைச் செய்தேன்' என்று அரைப் பக்கம் நினைவூட்டலும் சேர்க்கலாம். எழுதுகிறவருக்குச் சம்பவங்கள் மறந்துபோயிருக்கும். அந்த அரைப் பக்கம் கையில் இருந்தால் எழுத உட்காருவது எளிது.

உங்கள் கணவர் சொன்ன வழிக்கு வருகிறேன். மாணவியே எழுதிக் கையெழுத்து வாங்குவது நம் பக்கம் சாதாரணமாக நடக்கிறது. கேட்பவரும் கொடுப்பவரும் அதைத் தவறாக நினைப்பதில்லை. தயவுசெய்து அதை அங்கே செய்ய விடாதீர்கள். ஆசிரியர் தானே பார்த்து எழுதியது என்ற நம்பிக்கையில்தான் அந்தக் கடிதத்தைப் படிக்கிறார்கள். மூன்று கடிதங்களும் ஒரே நடையில் இருந்தால் படிப்பவர் கண்டுகொள்வார். ஐயம் எழுந்தால் மருத்துவக் கல்லூரிகள் சங்கமே விசாரிக்கும். டாக்டராகப் போகிற பிள்ளைக்கு அந்தக் கறை வேண்டாம். அங்கேயும் சில பேராசிரியர்கள், 'நீயே ஒரு வரைவு அனுப்பு' என்று சொல்வதுண்டு. அப்போது, 'வரைவுக்குப் பதில் உங்கள் வகுப்பில் நான் செய்தவற்றைக் குறிப்பாகத் தருகிறேன்' என்று மேலே சொன்ன அரைப் பக்கத்தைக் கொடுத்தால் போதும்.

கடிதத்தை அவள் பார்க்க முடியாது என்பதும் உங்களுக்குப் புதிதாக இருக்கும். 1974-ஆம் ஆண்டின் அமெரிக்கக் கல்விச் சட்டம் ஒன்று, மாணவர் தன் கல்விப் பதிவுகளைப் பார்க்க உரிமை தருகிறது. பரிந்துரைக் கடிதத்தைப் பொறுத்தவரை அந்த உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதித் தரலாம். எழுதித் தரட்டும். மாணவி பார்க்கப் போகிறாள் என்று தெரிந்து எழுதிய கடிதத்தைப் படிப்பவர்கள் அவ்வளவாக நம்புவதில்லை. அதே சட்டத்தின்படிதான், கல்லூரியில் சேர்ந்த மாணவியைப் பற்றிப் பெற்றோரிடம் பேசப் பேராசிரியர்கள் தயங்குவார்கள். ஆகவே நீங்கள் மெயில் போட வேண்டாம். உங்கள் அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனால் தாய் எழுதிய மெயிலைப் பார்த்ததும், 'இந்தப் பெண்ணுக்குத் தானாகக் கேட்கத் தெரியவில்லை' என்ற எண்ணம்தான் அவருக்கு முதலில் வரும்.

அனுப்பும் முறை எளிது. ஆம்காஸ் மே தொடக்கத்தில் திறக்கும். ஒவ்வொரு கடிதத்துக்கும் ஓர் எண் உருவாகும். அந்த எண் உள்ள கோரிக்கைப் படிவத்தைப் பேராசிரியரிடம் கொடுத்தால் அவர் நேரடியாக ஏற்றிவிடுவார். கல்லூரியின் லெட்டர்ஹெட்டும் கையெழுத்தும் இருக்க வேண்டும். மார்ச்சிலேயே எழுதிவிட்டார் என்றால், மே வரை பத்திரமாக வைக்க இன்டர்ஃபோலியோ என்ற சேவை இருக்கிறது. சில கல்லூரி ஆலோசனை அலுவலகங்களே வாங்கி வைத்துக்கொள்ளும். கடிதம் வராவிட்டாலும் விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கலாம், சரிபார்ப்பு நடந்துகொண்டிருக்கும். ஆனால் கடிதங்கள் வந்த பிறகுதான் பெரும்பாலான கல்லூரிகள் விண்ணப்பத்தை முழுமையானதாக எடுத்துக்கொள்ளும். டெக்சாஸ் மாநிலத்துப் பொது மருத்துவக் கல்லூரிகளுக்கும், எம்.டி.க்குப் பதில் டி.ஓ. பட்டம் தரும் ஆஸ்டியோபதிக் கல்லூரிகளுக்கும் விண்ணப்ப முறை தனி. கடைசித் தேதிக்கு இரண்டு வாரம் முன்னால் பணிவாக ஒரு நினைவூட்டல் அனுப்பினால் யாரும் கோபிக்க மாட்டார்கள்.

உங்கள் அண்ணனின் கடிதம் வேண்டாம். அவர் சேலத்தில் எவ்வளவு பெயர் பெற்றவராக இருந்தாலும் தாய்மாமன் என்று தெரிந்ததும் அந்தக் கடிதம் ஓரமாகப் போய்விடும். உறவைச் சொல்லாமல் விட்டால் அது இன்னும் தவறு. அவரால் வேறு பெரிய உதவி செய்ய முடியும். இந்த விடுமுறையில் அவளைத் தன் மருத்துவமனையில், நோயாளிகளின் சம்மதத்தோடு, ஓரமாக நின்று பார்க்க விடச் சொல்லுங்கள். புறநோயாளிப் பிரிவில் வரிசையில் நிற்பவர்களைப் பார்க்கட்டும். மலையிலிருந்து முதல் பஸ் பிடித்து இறங்கி வந்து, மாலைக்குள் திரும்பியாக வேண்டும் என்ற கவலையோடு உட்கார்ந்திருக்கும் ஒரு பாட்டிக்கு, சொன்ன மருந்து புரிந்ததா என்று கவனிக்கட்டும். அன்றன்றைக்குப் பார்த்ததை இரவில் எழுதி வைக்கட்டும். அவளுடைய கட்டுரைக்கும் நேர்முகத் தேர்வுக்கும் இது கைகொடுக்கும். அமெரிக்க மருத்துவமனை அனுபவமும் தேவைப்படும், அதை அங்கே போய்த் தேடிக்கொள்ளலாம். பள்ளித் தலைமையாசிரியருக்கு நன்றி சொல்லிவிடுங்கள். பள்ளிக் காலக் கடிதத்தை மருத்துவக் கல்லூரிகள் கேட்பதில்லை.

வெள்ளி விளக்கு வேண்டாம். கடிதத்துக்கு முன்னால் கொடுத்தால் அதற்குக் கூலி போலாகிவிடும். பல பல்கலைக்கழகங்களில் விலையுள்ள பொருளை வாங்கக் கூடாது என்று விதியே இருக்கிறது, அவருக்குத் தர்மசங்கடம். கடிதம் போய்ச் சேர்ந்த பிறகு அவள் கைப்பட ஒரு நன்றிக் கடிதம் எழுதட்டும். முடிவு வந்ததும், எந்த முடிவானாலும், போய்ச் சொல்லட்டும். பல பிள்ளைகள் சொல்வதே இல்லை. எழுதியவர்கள் மாதக்கணக்கில் அந்தச் செய்திக்குக் காத்திருப்பார்கள்.

கடைசியாக ஒன்று. இவ்வளவும் செய்தும், பிப்ரவரியில் உட்கார்ந்து யோசிக்கும்போது தன்னை நன்றாகத் தெரிந்தவர் ஒருவர்தான் தேறுகிறார் என்றால், அந்த ஆண்டு விண்ணப்பிக்க வேண்டாம். நான்காம் ஆண்டை முடித்துக்கொண்டு அடுத்த சுற்றில் விண்ணப்பிக்கலாம். 'ஒரு வருஷம் வீணாகிவிடுமே, சொந்தக்காரர்கள் கேட்பார்களே' என்று உங்களுக்குத் தோன்றும். அங்கே ஓரிரு ஆண்டு இடைவெளி விட்டு, ஆராய்ச்சிக் கூடத்திலோ மருத்துவமனையிலோ வேலை பார்த்துவிட்டு மருத்துவம் சேர்கிறவர்கள் ஏராளம். அதை யாரும் குறையாகப் பார்ப்பதில்லை. வலுவில்லாத விண்ணப்பத்தை அனுப்பி எல்லா இடத்திலும் மறுக்கப்பட்டால் பணமும் போகும், மறுபடி விண்ணப்பிக்கும்போது முன்பைவிட என்ன மாறியது என்ற கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். இந்த முடிவை பிப்ரவரியில் அவளும் அவளுடைய ஆலோசகரும் சேர்ந்து எடுக்கட்டும். அப்போது அவள் உங்களுக்கு போன் செய்து 'அம்மா, ஒரு வருஷம் பொறுக்கலாமா?' என்று கேட்டால், சரி என்று சொல்லுங்கள்.